தணுப்பா, தடையா? குளச்சல் கடலின் ஆனி ஆடி மீன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் 1-ஆம் தேதி வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிவிடுவார்கள். மேற்குக் கடற்கரைக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஜூலை 31 வரை நீடிக்கும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் அந்தத் தடை கிடையாது. கடல் விட்டால் போகலாம். அப்படிப் போகிறவர்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் நெத்திலி கிடைக்கிறது, வாளை கிடைக்கிறது, ஆடி கழியும் நேரத்தில் கணவாயும் தலைகாட்டுகிறது. வருடத்திலேயே கடல் மிக மோசமாக இருக்கும் மாதங்களில்தான் கரையோரத்தில் மீன் மிக அதிகமாக இருக்கிறது.

ஏன் என்று கேட்டால் கரையில் இரண்டு பதில் கிடைக்கும். விசைப்படகு கிடப்பில் இருக்கிறது, மடி போட்டு அடிமட்டத்தை வாரவில்லை, அதனால் மீன் பயமில்லாமல் கரைக்கு வருகிறது என்பது ஒன்று. பெரும்பாலும் வள்ளக்காரர்கள் சொல்வது. காற்று மேற்கே பிடித்தால் வெள்ளம் தணுக்கும் (கடல்நீர் குளிரும்), தணுத்தால் மீன் கரைக்கு ஏறும், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும் என்பது மற்றொன்று. இதைப் பெரும்பாலும் வயதானவர்களும், தங்கள் வசதிக்காக விசைப்படகு முதலாளிகளும் சொல்வார்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் சிக்கல். தடையும் தணுப்பும் குளச்சலுக்கு ஏறக்குறைய ஒரே தேதியில் வருகின்றன. அங்கே மட்டும் நின்று பார்த்தால் எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. பிரித்துப் பார்ப்பதற்கு இந்த மாவட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் குளச்சல் கடலில் ஒரு வருடம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

கடல் தணுக்கும் விதம்

வைகாசி கடைசியில் முப்பந்தல் காற்றாலைகள் வேகம் பிடிக்கும். ஆரல்வாய்மொழி இடைவெளி வழியாக அவற்றைச் சுழற்றும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் கடல் மேலும் வீசுகிறது. கடலில் அது கேரளக் கரையையும் நம் கரையையும் ஒட்டி, தெற்கும் தென்கிழக்குமாக இறங்கும். பூமி சுழல்வதால், காற்று தள்ளுகிற மேல்நீர் காற்றின் திசையிலேயே போகாமல் வலப்பக்கம் ஒதுங்குகிறது. நம் கரையில் வலப்பக்கம் என்றால் நடுக்கடல். மேல்நீர் அப்படி விலகியதும் அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து நீர் மேலே வருகிறது. குமரி முனைப் பக்கம் காற்றின் வேகமும் அதிகம் என்பதால் இந்த மேலெழும் ஓட்டம் இங்கே முதலில் தொடங்கி, பிறகு வடக்கே கொல்லம், கொச்சி என்று பரவுகிறது.

அடியிலிருந்து வரும் நீருக்கு மூன்று குணங்கள் உண்டு. அது தணுப்பு, சித்திரையில் 29, 30 டிகிரி இருந்த மேல்நீர் ஆடியில் மூன்று நான்கு டிகிரி குறைந்துவிடும். நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் அதில் ஏராளம். ஆனால் உயிர்வளி குறைவு. இந்த மூன்றாவது குணத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சத்து வந்ததும் டயாட்டம் போன்ற நுண்பாசிகள் பெருகி நீர் பச்சையாகிறது. அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நெத்திலி வருகிறது. நெத்திலியைத் தின்ன வாளை வருகிறது. சரி, இது சாப்பாட்டுக் கணக்கு. அதோடு, உயிர்வளி குறைந்த நீர் அடித்தளத்தில் பரவும்போது அங்கே வாழும் மீன்களும் இறால்களும் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் ஒதுங்குகின்றன. ஆகவே கரைக்கு வருகிற மீனெல்லாம் விருந்துக்கு வந்த மீன் என்று நினைக்கக் கூடாது. சில வகைகள் மூச்சுக்காக இடம் பெயர்ந்தவை.

ஆவணி, புரட்டாசியில் சாளையும் அயலையும் வரும். நெய்ச்சாளை பெரும்பாலும் பருவமழை மாதங்களில் முட்டையிடுகிறது. சினையோடு இருக்கும் ஜூன் மாதச் சாளையையும், முட்டையிட்டு முடித்து டயாட்டத்தைத் தின்று கொழுத்த ஐப்பசிச் சாளையையும் பக்கத்தில் வைத்து வயிற்றைக் கீறிப் பாருங்கள். முதலாவதில் மஞ்சளாக இரண்டு சினைக்கட்டி வயிற்றை அடைத்திருக்கும், சதை வறண்டிருக்கும். இரண்டாவதில் சினை இருந்த இடம் சுருங்கி, குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு ஒட்டிக் கிடக்கும், விரலில் பிசுபிசுக்கும். சட்டியில் போட்டால் தன் நெய்யிலேயே பொரியும். சாளைக்கும் டயாட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களிலேயே எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் அதற்கும் முன்பே சட்டியில் பார்த்திருப்பார்கள்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை வேறொரு கடல். பருவமழைக் காலத்தில் தெற்கே ஓடிய கரையோர நீரோட்டம் இப்போது வடக்கே திரும்புகிறது. வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு நம் மேற்குக் கரைக்கு வந்து சேர்கிறது. காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து வீசுவதால் குளச்சல் கடல் படுத்துவிடும். கரமடி, அதாவது கரையில் நின்று இரண்டு பக்கமும் இழுக்கும் பெரிய வலை, இழுக்கத் தோதான காலம் இதுதான்.

தை மாதம் ஒரு கரமடி கரையேறுவதை அருகில் நின்று பார்த்தால் அந்தக் கடலின் குணம் தெரியும். இரண்டு பக்கக் கயிறும் நெருங்கி வந்து, கடைசியில் மடி மணலில் விழும்போது ஒரே வகை மீன் குவிந்திருப்பது அபூர்வம். கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் காரல், விரல் நீளப் பாரைக் குஞ்சு, ஒன்றிரண்டு சீலா, பேத்தை, புள்ளி நண்டு, குட்டித் திருக்கை, நடுவில் சொறி (ஜெல்லி மீன்). பெண்கள் குந்தியிருந்து விரலால் தள்ளித் தள்ளிக் கூறு கட்டுவார்கள். பேத்தையும் சொறியும் ஒரு பக்கம் எறியப்படும், காரல் கருவாட்டுக்குப் போகும். எடை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வகை என்று பார்த்தால் ஆடி மாதத்து நெத்திலி வலையில் ஒரு நாளும் பார்க்க முடியாதது.

மாசிக்குப் பிறகு வைகாசி வரை நீர் சூடாகவும் தெளிவாகவும் இருக்கும். கூட்ட மீன் குறைவு. தூண்டில்காரர்கள் பாறைகளையும் மடைகளையும் தேடிப் போவார்கள்: கலவா, விளமீன், பாரை, கிளாத்தி. தென்கோடி இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலைகள் காற்றே இல்லாத நாளில் வந்து அடிக்கும் கள்ளக்கடலும் இந்த மாதங்களில்தான். இதற்கு மேல் கோடையைப் பற்றிச் சொல்ல இங்கே அதிகமில்லை.

ஒரு மாவட்டம், இரண்டு தடை

இப்போது வழக்குக்கு வருவோம்.

குமரி மாவட்டத்தில் தடை ஒன்றல்ல, இரண்டு. முனைக்குக் கிழக்கே இருக்கும் சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்கே இருக்கும் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடற்கரை மொத்தமே எழுபது கிலோமீட்டர் சொச்சம். ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர, சின்னமுட்டத்தில் படகுகள் கிடக்கும்போது குளச்சலில் ஓடும்; குளச்சலில் கிடக்கும்போது சின்னமுட்டத்தில் ஓடும். இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறதா என்பது தனி விவாதம். ஆய்வு செய்கிறவனுக்கு இது கிடைத்தற்கரிய வசதி.

படகு நிற்பதால்தான் மீன் கரைக்கு வருகிறது என்றால், கிழக்குப் பக்கத்தில் சித்திரையிலேயே அது நடக்க வேண்டும். ஏப்ரல் நடுவில் படகுகளைக் கட்டியதும் ஆரோக்கியபுரம், வாவத்துறை கரைகளில் நெத்திலியும் வாளையும் குவிய வேண்டும். சித்திரையில் அங்கே யாரும் அப்படி ஒரு சீசனைச் சொல்லிக் கேட்டதில்லை. தடைக்கால நிவாரணம் எப்போது வரும் என்ற பேச்சுதான் இருக்கும். தடை தொடங்கிய நாளோடு மீன் ஒட்டவில்லை, காற்று தொடங்கிய நாளோடுதான் ஒட்டுகிறது.

இது ஒரு சாட்சி. கரைப்பேச்சை வைத்துச் சொல்வதால் பலவீனமான சாட்சி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது சாட்சி அதைவிட உறுதியானது.

1971 முதல் 1975 வரை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு கொச்சியை மையமாக வைத்து மேற்குக் கரையின் மேல்மட்ட மீன்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ரஸ்ட்ரெல்லிஜர், சார்டினெல்லா என்று அயலை, சாளையின் அறிவியல் பெயர்களையே தாங்கிய கப்பல்கள் எதிரொலிக் கருவியோடு கரை நெடுகப் போய்வந்து, மீன் கூட்டம் எங்கே எப்போது இருக்கிறது என்று பதிவு செய்தன. அதில் நெத்திலிக்குக் கிடைத்த படம் தெளிவானது: தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நெத்திலிக் கூட்டங்கள் தெற்கே நகர்ந்து, கொல்லத்துக்கும் குமரி முனைக்கும் இடைப்பட்ட கடலிலும் மன்னார் வளைகுடா வாய்ப்பகுதியிலும் வந்து செறிகின்றன. மழை முடிந்ததும் வடக்கே திரும்புகின்றன.

ஆண்டைக் கவனியுங்கள். கேரளத்தில் பருவமழைக்கால இழுவலைத் தடை வந்தது 1988-இல். தமிழ்நாட்டில் தடைக்காலம் வந்தது 2001-இல், முதலில் 45 நாளாக. அந்தக் கப்பல்கள் நெத்திலியைக் கண்டபோது எந்தக் கரையிலும் எந்தத் தடையும் இல்லை. இன்னொரு விஷயம், அவை ஏலக்கூடத்தில் மீனை எண்ணவில்லை, கடலில் எண்ணின. யார் படகு ஓடியது, யார் படகு ஓடவில்லை என்பதற்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, சாதாரணப் பொது அறிவு. ஜூன் முதல் வாரத்தில் கரைக்கு வரும் நெத்திலி வளர்ந்த நெத்திலி. தடை தொடங்கி ஒரு வாரத்தில் அது பிறந்து வளர்ந்திருக்க முடியாது.

ஆகவே மீனைக் கொண்டுவருவது தணுப்புதான். பெரியவர்கள் சொன்னது சரி. விசைப்படகு முதலாளிகள் சொன்னதில் பாதி சரி. அதனால் தடை வேண்டாம் என்று அவர்கள் அடுத்து சொல்வதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை.

தடை என்ன செய்கிறது

வந்த மீன் யாருக்குக் கிடைக்கிறது என்பதைத் தடை தீர்மானிக்கிறது. அடித்தளத்து மீன்கள் கரையோரம் ஒதுங்கியிருக்கும் வாரங்களில் இழுவலை அங்கே ஓடினால் சில நாளில் வாரிக்கொண்டு போய்விடும். இப்போது அது தூண்டிலுக்கும் சின்ன வலைக்கும் போகிறது. வள்ளக்காரரின் வலை விசைப்படகில் சிக்கி அறுபடுவதில்லை. துறைமுகத்துக்குப் பெரிய வரத்து இல்லாததால் கரையில் இறங்கும் கொஞ்ச மீனுக்கு நல்ல விலை. கடவத்தில் (ஓலைக்கூடையில்) சுமந்துபோய் உள்ளூர்ச் சந்தைகளில் விற்கும் பெண்களுக்கு இந்த விலை இரண்டு பக்கமும் வெட்டும்; ஏலம் எடுக்கக் காசு அதிகம் வேண்டும், விற்றால் லாபமும் உண்டு. பிறகு, சினைச்சாளையும் பருவமழையில் முட்டையிடும் மற்ற மீன்களும் அந்த 61 நாளில் ஓரளவு தப்புகின்றன. அதன் பலன் அந்த ஆனி ஆடியில் தெரியாது. அடுத்த சீசனிலோ அதற்கடுத்த சீசனிலோ வேறு ஆயிரம் காரணங்களோடு கலந்துதான் தெரியும்.

கலந்து தெரியும் என்பதற்குச் சாளையே உதாரணம். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் நெய்ச்சாளை பிடிபட்டது. 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன். இரண்டு ஆண்டுகளிலும் தடை இருந்தது. கடல் சூடு, மழையின் போக்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் குஞ்சுச் சாளையை வாரியது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. தடை மட்டும் மீனைக் கொண்டுவந்துவிடும் என்றால் இப்படி ஒரு சரிவுக்கு இடமே இல்லை.

ஏலக்கூடத்துக் கணக்கை எவ்வளவு நம்பலாம்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. குளச்சல் கடலின் மீன்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன என்று சொல்லும்போது நாம் உண்மையில் பார்ப்பது கரைக்கு வந்த மீனை மட்டும். அதற்குள் மீனவரின் நாட்காட்டி புகுந்துவிடுகிறது.

முதலில் வலை. மேலே கரமடியில் வகை அதிகம், ஆடியில் வகை குறைவு என்று எழுதினேன். ஆனால் தை மாதத்தில் இழுத்தது கரமடி, சிறு கண், மணலோடு சேர்த்து வாரும். ஆடியில் அலை அடிக்கும்போது கரமடி வளைக்க முடியாது. நெத்திலி வலை விடுவார்கள், அதில் நெத்திலி அளவு மீன்தான் நிற்கும். பட்டியல் சுருங்கியதில் எவ்வளவு பங்கு கடலுடையது, எவ்வளவு பங்கு வலைக்கண்ணுடையது? சத்துநீர் மேலெழும் கடல்களில் சில வகைக் கூட்டமீன்கள் மட்டும் மிகுதியாகப் பெருகுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், அதனால் கடலின் பங்கு கண்டிப்பாக உண்டு. அளவைச் சொல்ல வேண்டுமானால் ஒரே வலையை வருடம் முழுக்கப் போட வேண்டும்.

அடுத்தது இடம். குளச்சல் துறைமுகத்தில் ஆகஸ்ட் முதல் வாரம் விசைப்படகுகள் இறக்கும் சங்கராவும் கணவாயும் கிளாத்தியும் குளச்சல் விரிகுடாவின் மீன் அல்ல. முனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பரப்பிலிருந்தும், அதைத் தாண்டியும் வருபவை. அந்தப் பரப்பு எவ்வளவு வளமானது என்பதற்கு 1976-இல் இந்தியாவும் இலங்கையும் அதற்கென்றே செய்துகொண்ட உடன்பாடு சாட்சி. அப்போது இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டுகள் மட்டும் அங்கே பிடிக்க அனுமதி தரப்பட்டது. இன்னொரு பக்கம், தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பிடிப்பதில் பெரும்பகுதி கொச்சியில் இறங்குகிறது. மாவட்டக் கணக்கில் இருக்கும் மீன் மாவட்டத்துக் கடலில் இல்லாமலும் இருக்கலாம், மாவட்டத்து ஆட்கள் பிடித்த மீன் மாவட்டக் கணக்கில் வராமலும் இருக்கலாம்.

கடைசியாக, கடலுக்குப் போகாத நாட்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி கரைகளில் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்த பிறகு, போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த கரையில் மீன் பிடிக்க யார் போவார்கள்? அந்த மாதங்களின் வரத்துப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மார்கழியில் குமரிக் கடலில் மீன் அற்றுப்போனது என்று கூட எழுதிவிடலாம். ஒக்கிக்குப் பிறகு வானிலை எச்சரிக்கையைப் பலரும் முன்பைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பழைய பத்தாண்டுகளையும் புதிய பத்தாண்டையும் ஒப்பிடும்போது கடலுக்குப் போன நாட்களால் வகுக்காமல் மொத்த எடையை ஒப்பிடுவது அர்த்தமில்லாதது.

மணக்குடி: ஒரு சிறு குறுக்கு விசாரணை

காற்றைச் சாராத பருவமாற்றமும் இங்கே உண்டு. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலின் பொழிமுகத்தை (கடலோடு சேரும் வாயை) கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும். மழைவெள்ளம் வந்து பொழி உடைந்ததும் காயலில் வளர்ந்திருந்த வெள்ளிறால் கடலுக்கு இறங்கும். கடலில் பிறந்த மடவைக் குஞ்சுகள் காயலுக்குள் ஏறும். குமரிக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் இந்தப் போக்குவரத்து ஒரே மாதத்தில் முடிவதில்லை. வெள்ளம் வராமல் பொழி அடைந்தே கிடக்கும் ஆண்டில், கடல் எவ்வளவு தணுத்தாலும் மணக்குடி கரையோர வலைகளுக்கு இறால் இறங்காது. குளச்சலுக்குப் பொருந்தும் விளக்கத்தை அப்படியே கரை முழுக்க விரிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் கடலைவிட ஆறு முக்கியமாகிவிடுகிறது.

இனி என்ன எழுதி வைக்க வேண்டும்

கருவி பெரிதாக எதுவும் வேண்டாம். கரைக்கு வரும் வள்ளத்தில் என்ன வலை, என்ன கண், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்தத் திசையில், எத்தனை பாகம் (ஆழம் அளக்கும் அலகு) ஆழத்தில் என்று கேட்டு எழுதினால் போதும். கூடவே வலை விட்ட இடத்து நீரின் சூட்டை ஒரு வாளியில் மொண்டு வெப்பமானியால் பார்த்துக் குறிக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு வகையிலும் கையளவு மீனை எடுத்து நீளத்தையும் சினையையும். வரத்தில்லாத நாளையும், கடலுக்கே போகாத நாளையும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டையும் ஒரே பூஜ்யமாகப் போட்டுவிடுவதுதான் பழைய பதிவேடுகளின் பெரிய குறை.

எங்கே தொடங்குவது என்றால், ஜூன் 1 முதல் 14 வரை. சின்னமுட்டத்துத் தடை முடியாமல், குளச்சல் தடை தொடங்கிவிட்ட அந்த இரண்டு வாரம்தான் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாத நேரம். அப்போது முனைக்கு இரண்டு பக்கமும் ஒரே கண் அளவுள்ள நெத்திலி வலையை ஒரே நாளில் விட்டு, ஜூன் 15-க்குப் பிறகு சின்னமுட்டத்துப் படகுகள் மட்டும் ஓடத் தொடங்கியதும் மறுபடியும் அதையே செய்தால், தடைக்கு எவ்வளவு, தணுப்புக்கு எவ்வளவு என்று கரைப்பேச்சை நம்பாமல் பிரித்துவிடலாம். சில ஆண்டுகள் விடாமல் செய்ய வேண்டும். பருவமழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். அது பிந்துகிற ஆண்டுதான் இதற்குத் தோதான ஆண்டு.